வெறும் ஃப்ளாஷ்

லசிசி ஒகுந்தோயே கேமராவைக் கையில் வாங்கியதும் கண்ணில் வைக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

லாகோஸ் மெரினா சாலைக் கேமராக் கடைகளில் அது அன்று அவர் ஏறிய ஏழாவது கடை. கடைக்காரன் நெமேக்காவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலையிலிருந்து எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவன், முகர்ந்து பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்த்தான்.

"அல்ஹாஜி, அது மீன் இல்ல," என்றான்.

"கடல்ல முங்கின சாமான் எல்லாம் கண்டெய்னர் ஏறி இங்கதான் வருது. உப்பு வாடை காட்டிக் குடுத்துடும்."

"வாடை வருதா?"

"வரல. நல்லாக் கழுவியிருக்க."

லசிசி இன்னும் மக்காவுக்குப் போனதில்லை. போகாதவனை அல்ஹாஜி என்று கூப்பிடுகிறவன், கேமராவைப் பற்றியும் இரண்டு வார்த்தை கூட்டித்தான் சொல்வான் என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். சந்தேகப்படுவதில் அவர் யாரையும் வித்தியாசப்படுத்திப் பார்ப்பதில்லை. பால்காரி, மசூதி இமாம், மனைவி அசாபி எல்லாரும் அவருக்கு ஒன்றுதான்.

ஒஷோக்போவில் முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் மனிதர். அதில் இருபத்தெட்டு வருடம் ஒரே ஃபிலிம் கேமரா. எடுத்த நெகட்டிவ் அத்தனையும் தகரப் பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறது, சாவி அவர் இடுப்பில். கல்யாணப் பெண் அழுது கேட்டாலும் ஒரு நெகட்டிவைக் கொடுத்ததில்லை. நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ அவனிடம்தான் வாடிக்கையாளர் இருப்பார் என்பது அவர் தொழிலில் கற்ற ஒரே பாடம். அப்படிப்பட்டவரின் ஊரில், போன மாதம், கலர் லேப்காரர் கம்ப்யூட்டரை உள்ளே வைத்துக்கொண்டு ஃபிலிம் கழுவும் இயந்திரத்தைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். இனிமேல் ஃபிலிமை இபாதானுக்கு அனுப்ப வேண்டுமாம். முன்பின் தெரியாத எவனோ ஒருவன் இருட்டறையில் அவருடைய நெகட்டிவைத் தொடுவான் என்று நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் டிஜிட்டல் கேமரா வாங்க வந்திருந்தார்.

சனிக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும். காரணம் அவருடைய மகள் மோடினா.

மோடினாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். முதலில் வந்தவள் தைவோ, பின்னால் வந்தவள் கெஹிண்டே. எங்கள் ஊர் நம்பிக்கையில், உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்து வரத் தங்கையை முதலில் அனுப்பிய அக்காள் என்பதால் கெஹிண்டேதான் மூத்தவள். நான்கு மாதத்துக்கு முன் அம்மை கண்டு தைவோ போய்விட்டாள். ஒன்றரை வயது கெஹிண்டே தனியாக நடக்கிறாள். இரட்டையரில் ஒருவர் போனால் எங்கள் பக்கத்துத் தாய்மார் சும்மா இருப்பதில்லை. மிஞ்சின குழந்தையைப் பெஞ்சின் ஒரு பக்கம் உட்காரவைத்து ஒரு படம், இடம் மாற்றி மறுபக்கம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கிச் சுவரில் மாட்டுவார்கள். அதில் இரண்டு பேரும் இருப்பார்கள். குழந்தை வளர்ந்து முகம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்காகவே மோடினா கடுனாவிலிருந்து வந்திருந்தாள். சனிக்கிழமை திரும்புகிறாள், இனி அடுத்த வருடம்தான் வருவாள்.

ஒரு படக்காரர் வீட்டில் இரண்டு குழந்தைகளும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லாமல் போனது எப்படி? அதை லசிசி யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்து எட்டாம் நாள், பெயர் வைத்த அன்று, வீடு நிறைய விருந்தாளிகள். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றார்கள். பிரதி வாங்குகிற முகங்கள் அவை. சொந்தப் பேத்திகளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபிலிமை எல்லாம் அந்த முகங்களுக்கே செலவழித்தார். மோடினா இரண்டு குழந்தைகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு வந்து சிரித்தபோது உள்ளே ஃபிலிம் இல்லை. படக்காரர்கள் அந்த மாதிரி நேரத்தில் செய்வதைத்தான் அவரும் செய்தார், வெறும் ஃப்ளாஷ் அடித்தார். பளிச்சென்று வெளிச்சம் வந்தால் எதிரே நிற்பவருக்கு மனசு நிறைந்துவிடும். அப்புறம், கடைசிச் சுருளை மட்டும் லேப்காரன் எரித்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்ததில் நாட்கள் ஓடி, நாற்பதாம் நாள் மோடினா கடுனா போனாள். அங்கே வேறு யாரிடமும் படம் எடுக்கவில்லை. குழந்தைகள் நன்றாக உட்காரட்டும், பாபாவே எடுப்பார் என்று காத்திருந்தாள்.

இந்தப் படமாவது சரியாக வர வேண்டும். லசிசிக்கு இந்த உலகத்தில் அப்போது வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

லசிசி கூடவே கொண்டுவந்திருந்த பழைய லென்ஸைப் பார்த்துவிட்டு நெமேக்கா இரண்டு கேமராக்களை முன்னால் வைத்தான். ஒன்று புத்தம் புதுசு, சின்னது, விலையும் குறைவு. இன்னொன்று வெளிநாட்டில் அடிபட்டு வந்த தொகுன்போ, செங்கல் கனம்.

"சின்னதை எடுத்துக்கங்க, டப்பா பிரிக்காதது," என்றான் நெமேக்கா. "ஆனா உங்க பழைய லென்ஸ் போட்டா இது வெளிச்சத்தைக் கணக்குப் பாக்காது. பெருசு பாக்கும்."

"பெருசு எத்தனை படம் அடிச்சிருக்கு?"

"பதினோராயிரம். உள்ள எண்ணிக்கை இருக்கு."

"கார் மீட்டரையே பின்னாடி திருப்புறாங்க. இதைத் திருப்ப மாட்டாங்களா?"

நெமேக்கா சின்னதையே மறுபடி அவர் பக்கம் நகர்த்தினான். அது போதும் லசிசிக்கு. இவன் எதைத் தள்ளுகிறானோ அதை வாங்கக் கூடாது. "பெருசு," என்றார்.

"நல்லது. நானா இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன்."

லசிசிக்கு முகம் விழுந்துவிட்டது. இவன் வேண்டுமென்றே சின்னதைத் தள்ளிப் பெரியதைத் தலையில் கட்டிவிட்டானோ? ஆனால் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது.

நெமேக்கா கேமராவை அவர் பக்கம் திருப்பிப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினான். அவன் திருப்பிக் காட்டிய பின்பக்கத் திரையில் அவருடைய முகமே முறைத்துப் பார்த்தது.

"இப்ப உள்ள கார்டு இல்ல. கடையில காட்டுறதுக்காக இப்படி வெச்சிருக்கேன். கார்டு போடாம அடிச்சாலும் படம் திரையில வரும். ஆனா நிக்காது, அணைச்சாப் போயிடும். அதனால கார்டு போடாம அடிக்காதீங்க, அல்ஹாஜி. ஒரு கார்டு இனாமாத் தர்றேன். இன்னொண்ணு வாங்கிக்கிட்டா நல்லது."

இன்னொன்று வாங்கிக்கொள் என்ற இடத்தில் லசிசி அவனைப் பிடித்துவிட்டதாக நினைத்தார். கண்ணுக்குத் தெரிகிற படம் எதன்மேலாவது படிந்துதானே தெரிய வேண்டும்? முப்பது வருடத்தில், எதிலும் படியாத படத்தை அவர் கண்டதில்லை. கேமராவுக்குள்ளேயே இடம் இருக்கிறது, கார்டு விற்பதற்காக மறைக்கிறான். அவர் கேமராவுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்து, இனாம் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் கார்டைப் போட்டுப் பழகிப் பார்த்தார். பழைய லென்ஸை மாட்டி அசாபியை உட்காரவைத்தால், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றும் அவள் தலையும் முழங்காலும் வெட்டுப்பட்டன. ஒரு அடி பின்னால் போனார். போதவில்லை. வாசலைத் தாண்டினார். கடைசியில் சாக்கடையின் விளிம்பில் குதிகால் தொங்க நின்றபோதுதான் அவள் முழுசாக உள்ளே வந்தாள்.

"அரைக் கண்ணு கேமராவை வித்துட்டான்," என்றார்.

"முன்னாடியே ஏதாவது சொன்னானா?" என்றாள் அசாபி.

"எல்லாம் பக்கத்துல வந்த மாதிரித் தெரியும்னு சொன்னான்."

"அப்ப சொல்லித்தானே வித்திருக்கான். பாபா மோடினா, உங்க நிழல் பின்னாடி வந்தாக்கூட ஏன் வர்றேன்னு கேப்பீங்க." மோடினாவின் அப்பா என்று மகள் பெயரைச் சேர்த்துத்தான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

மத்தியானம் பக்கத்துத் தெருப் படக்காரர் தாஜு வந்து கேமராவைத் தடவிப் பார்த்தார். போகிறபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "கார்டு ஜாக்கிரதை. லேப் பசங்க ஒரு நிமிஷத்துல அத்தனையும் நகல் எடுத்துடுவானுங்க. உனக்கே தெரியாது."

லசிசி உடனே கார்டை உருவித் தன் தொப்பியின் மடிப்பில் செருகிக்கொண்டார். கார்டு இல்லாமல் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். திரையில் தாஜுவின் முதுகு தெருவில் போய்க்கொண்டிருந்தது. அவர் நினைத்தது சரிதான், கேமராவுக்கு வயிறு இருக்கிறது. கேமராவையே லேபுக்குக் கொண்டுபோய்க் கண்ணெதிரே படம் அடித்து வாங்கிவிடலாம். நெமேக்கா பொய்யன் என்பது ருசுவானதில் அவருக்குச் சின்ன சந்தோஷம்கூட.

சனிக்கிழமை காலையில் மோடினா குழந்தைக்கு நீல லேஸ் கவுன் போட்டுக் கூட்டிவந்தாள். லசிசி பெஞ்சைச் சுவரோரம் போட்டுவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

"தங்கச்சிக்கு இடம் விட்டு உக்காரு, கண்ணு," என்று மோடினா குழந்தையை இடது ஓரத்தில் உட்காரவைத்தாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. லசிசிக்குத்தான் கண் மங்கியது. ஒரு தட்டு. பிறகு மோடினா குழந்தையைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்தாள். இன்னொரு தட்டு. இரண்டும் திரையில் சுத்தமாக வந்தன.

"பாபா, காட்டுங்க."

"பாதிப் படத்தைத் தாய் பாக்கக் கூடாது."

அப்படி ஒரு வழக்கமே இல்லை. அந்த நிமிஷத்தில் அவர் உண்டாக்கினது. யாருக்கும் எதையும் காட்டாமலே முப்பது வருடம் பழகிவிட்ட வாய் அது. மோடினா குழந்தைக்குச் செருப்பு மாட்டினாள்.

"இந்தக் கேமராவுல வெறும் ஃப்ளாஷ் அடிக்க முடியாதாமே. நெசமா?"

"யார் சொன்னா?"

"பொதுவாச் சொல்றாங்க."

யார் சொல்லியிருப்பார்கள்? தாஜுவா? அசாபியா? எதற்காக இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள்? "முடியாது," என்றார். மோடினா முழங்காலிட்டு வணங்கி விடைபெற்று, பையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பஸ் பேட்டைக்குப் போனாள். இன்றே லேபில் சேர்த்து அடித்து, அடுத்த வாரம் டிரைவர் கையில் படத்தைக் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு.

பேட்டரி வீணாகக் கூடாதென்று லசிசி கேமராவை அணைத்து வைத்தார். அசாபி கொடுத்த அகாரா வடையையும் சோளக் கூழையும் நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, இன்னொரு தரம் பேத்தியைப் பார்க்கலாம் என்று கேமராவை உயிர்ப்பித்தார்.

படம் எதுவும் இல்லை.

பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார். இடது பக்கக் குழந்தையும் இல்லை, வலது பக்கக் குழந்தையும் இல்லை. தாஜுவின் முதுகுகூட இல்லை. அணைச்சாப் போயிடும் என்று நெமேக்கா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. தொப்பியைக் கழற்றி மடிப்பைத் தடவினார். கார்டு பத்திரமாக அங்கேயே இருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதே பிள்ளைக்கு இரண்டாவது தடவையாக வெறும் ஃப்ளாஷ் அடித்திருக்கிறார். போன தடவை தெரிந்து செய்தது. இந்தத் தடவை தெரியாமல் செய்தது. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நம்புவதற்கு அவர் யாரிடம் என்ன நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருக்கிறார்? ஊரில் எல்லாரையும் பொய்யன் என்று தான் நினைத்தது ஏன் என்று அவருக்கு அங்கே உட்கார்ந்திருக்கையில் நன்றாகவே புரிந்தது. பொய் எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவர் அவர்.

"என்ன, படம் நல்லா வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து அசாபி கேட்டாள்.

பதில் தயாராகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர்ல வைரஸ் தின்னுடுச்சு என்று அடுத்த வாரம் ஒரு சேதி அனுப்பினால் போதும். இப்போதெல்லாம் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. லேப்காரன் எரித்துவிட்டான் என்பதைவிடப் பெரிய வசதி. லசிசி அந்த வார்த்தையை நாக்கு வரைக்கும் கொண்டுவந்து பார்த்தார். பிறகு எழுந்து, கார்டைக் கேமராவில் போட்டு மூடி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடி ஒரு மோட்டார் பைக்காரனைக் கைகாட்டி நிறுத்தினார்.

நல்லவேளை, ஆள் நிறைந்தால்தான் எங்கள் பஸ்கள் கிளம்பும். கடுனா பஸ்ஸுக்கு இன்னும் ஒரு ஆள் குறைந்தது. வாசலில் ஒருவன் பூச்சி மருந்து விற்றுக்கொண்டிருந்தான். மோடினா ஜன்னலோரம் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்த தகப்பனைப் பார்த்ததும் பயந்துபோய் இறங்கினாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. படம் இல்ல, மோடினா. கார்டு போடாம அடிச்சுட்டேன். திருட்டுப் போயிடும்னு தொப்பியில வெச்சிருந்தேன். கடைக்காரன் சொன்னான், நான் நம்பல." அவர் மூச்சு வாங்கினார். நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தெரிந்தது. "இன்னொண்ணு. பேர் வெச்ச அன்னிக்கும் உள்ள ஃபிலிம் இல்ல. லேப்காரன் எரிக்கல. நான்தான் வெறும் ஃப்ளாஷ் அடிச்சேன்."

மோடினா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும், பாபா."

"தெரியுமா?"

"ஃபிலிம் இருந்தா ஒவ்வொரு தடவை சுத்துறப்பவும் கேமராவோட இடது பக்கக் குமிழ் கூடவே திரும்பும். சின்ன வயசுலேருந்து அதைப் பாத்துட்டே இருந்தவ நான். அன்னிக்கு அது அசையல."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா லேப்காரரைச் சொல்லுவீங்க. கேக்காமலே சொன்னீங்க. அந்த மனுஷனை ஒன்றரை வருஷமாத் திட்டுறீங்க, பாவம். அவர் வந்து எனக்கு வணக்கம் சொல்றப்பல்லாம் எனக்குத்தான் கூசும்."

பேட்டைப் பாதாம் மரத்தடியில் டிரைவர்கள் உட்காருகிற நீளப் பெஞ்சு ஒன்று கிடந்தது. லசிசி அதில் உட்காரப் போனார்.

"உக்காராதீங்க. அது கெஹிண்டேக்கு," என்றாள் மோடினா. பிறகு கையை நீட்டினாள். "கேமராவைக் குடுங்க."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டு மூடியைக் கண்டுபிடித்துத் திறந்தாள். உள்ளே கார்டு இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். மூடினாள். "இப்ப அடிங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். சொந்த மகள் தன்னைச் சோதித்துப் பார்த்ததில் லசிசிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சோதிக்காமல் இருந்திருந்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

"அம்மா, ஆள் நிறைஞ்சாச்சு," என்று டிரைவர் கத்தினான். "இது பஸ்ஸா, ஸ்டூடியோவா?"

"இரு. இரட்டைப் பிள்ளைப் படம்," என்றார் லசிசி.

டிரைவர் என்ஜினை அணைத்தான். பூச்சி மருந்துக்காரனும் வாயை மூடினான். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவி, குழந்தையின் கவுனைக் கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னாள். இங்கே பின்னால் போக எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருந்தது. கெஹிண்டே இடது ஓரத்தில் உட்கார்ந்தாள், ஒரு தட்டு. வலது ஓரத்தில் உட்கார்ந்தாள், ஒரு தட்டு.

லசிசி கேமராவை அணைத்தார். பத்து எண்ணினார். மறுபடி உயிர்ப்பித்தார். இரண்டு படமும் இருந்தன. இந்தத் தடவை அவரே திரையை மகள் பக்கம் திருப்பினார்.

மோடினா முதல் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தாள். அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினாள், மறுபடி பின்னுக்கு அழுத்தினாள். முன்னுக்கும் பின்னுக்குமாக வேகமாக அழுத்த அழுத்த, ஒரு குழந்தை இடதில் இருக்கும்போதே இன்னொன்று வலதில் வந்து உட்கார்ந்தது. அவள் அழுதுகொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இந்தக் கார்டை எனக்குக் குடுங்க, பாபா. கடுனாவுல சேத்து அடிச்சுக்கிறேன்."

அங்கே எவன் கையில் போகும், எத்தனை நகல் எடுப்பான் என்றெல்லாம் லசிசியின் மனசு தன் வழக்கப்படி ஓடத்தான் செய்தது. முப்பது வருடத்தில் யாருக்கும் ஒரு நெகட்டிவ் கொடுத்ததில்லை. அவர் மூடியைத் திறந்து கார்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் தலைத்துணியின் முடிச்சுக்குள் செருகிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் மோடினா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். லசிசி காலிக் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார். மோடினா தலைத்துணியைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள், உள்ளே ஒன்றும் இல்லை என்று. தெரியும் என்று அவரும் தலையாட்டினார். அவள் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தாள். அவர் ஃப்ளாஷை அடித்தார்.